கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் அப்படி என்னதான் வேலை?

கேள்வி: கருப்பூர் கதிர்

எங்கள் வீடு கருப்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். மாடியில் நின்றால் ஜோலார்பேட்டைப் பாதை நன்றாகத் தெரியும். கூட்ஸ் வண்டி போனால் பெட்டிகளை எண்ணும் பழக்கம் வேலைக்குப் போன பிறகும் என்னை விடவில்லை. அப்படி எண்ணும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. இப்போது சில வண்டிகளில் கடைசியில் கார்டு வேனே இல்லை. கடைசி வேகனில் ஒரு பலகை தொங்குகிறது, அதோடு வண்டி முடிந்துவிடுகிறது. பச்சைக் கொடியுடன் நிற்கும் ஆளைக் காணோம்.

இதற்கிடையில் மாமா மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது ஒரு ரயில் மாடல் வாங்கி வந்தான். அதன் கடைசியில் சிவப்பு நிறத்தில், கூரைமேல் சிறிய கூண்டு வைத்த அழகான பெட்டி. கபூஸ் என்கிறார்கள். அந்த நாட்டில் அது வழக்கொழிந்து பல வருடங்கள் ஆகின்றனவாம். அதில் இருந்தவர்கள் என்ன வேலை செய்தார்கள்? ஏன் எடுத்துவிட்டார்கள்? நம் கார்டு வேனும் அதே வழியில்தான் போகிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: அம்மாபேட்டை அருண்

இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. அங்கே வண்டிகள் நாள் கணக்கில் ஓடும். ஊழியர்கள் சமைக்க, சாப்பிட, தூங்க ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். ஆட்களைக் குறைத்தபோது பெட்டியையும் கழற்றிவிட்டார்கள். செலவு மிச்சம்.

பதில்: சூரமங்கலம் பழைய கார்டு

அருண் தம்பி சொன்னதில் செலவு என்பது மட்டும் சரி. சமையலும் தூக்கமும் அந்தப் பெட்டிக்குப் பின்னாளில் வந்து சேர்ந்தவை. அடுப்பு வைத்திருந்தார்கள் என்பதற்காக அதைச் சமையலறை என்றால், வெற்றிலைப் பெட்டி வைத்திருந்த ஸ்டேஷன் மாஸ்டர் அறையையும் வெற்றிலைக் கடை என்றுதான் சொல்லவேண்டும்.

நான் வேக்யூம் பிரேக் காலத்தில் கார்டாகச் சேர்ந்து, ஏர் பிரேக் காலத்தில் ஓய்வு பெற்றவன். சேலம் ஜங்ஷன்தான் என் தலைமையிடம். அமெரிக்கப் பெட்டியைப் பற்றி நான் அறிந்தது படித்துத்தான். ஆனால் அந்தப் பெட்டியில் இருந்தவன் செய்த வேலை எனக்குப் படித்துத் தெரியவேண்டியதில்லை.

முதலில் பிரேக். வண்டி நெடுகப் போகும் குழாயின் காற்றழுத்தத்தால் எல்லாப் பெட்டிகளையும் ஒருசேர நிறுத்துவது ஏர் பிரேக்; குழாயில் அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும். அது வருவதற்கு முன் என்ஜின் டிரைவரால் மொத்த வண்டியையும் நிறுத்த முடியாது. அவர் விசில் கொடுப்பார். பிரேக்மேன்கள் ஓடும் வண்டியின் கூரைமேல் ஏறி, பெட்டிக்குப் பெட்டி தாவி, கைச்சக்கரத்தைத் திருகி இறுக்குவார்கள். முன்பக்கத்திலிருந்து ஒருவர் வந்தால் பின்பக்கத்திலிருந்து இன்னொருவர். பின்பக்கத்து ஆளுக்கு ஒதுங்க இடம் வேண்டாமா? கடைசிப் பெட்டி அதற்குத்தான் வந்தது. பனியிலும் மழையிலும் அந்தக் கூரைகளில் இருந்து விழுந்து செத்தவர்கள் ஏராளம். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் ஏர் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனாலும் ரயில்வே கம்பெனிகள் செலவைப் பார்த்து இழுத்தடித்தன. 1893இல் அமெரிக்க அரசு சட்டம் போட்டு ஏர் பிரேக்கையும், பெட்டிகளை இணைக்கும் தானியங்கி கப்ளிங்கையும் கட்டாயமாக்கியது. கூரைமேல் ஓடும் வேலை அதோடு மெல்ல மெல்ல ஒழிந்தது. கடைசிப் பெட்டியின் முதல் வேலை போனது அப்போதே.

அடுத்தது கண்காணிப்பு. கதிர் பார்த்த கூரைக் கூண்டு இதற்காக வந்தது. 1863இல் சிகாகோ அண்டு நார்த் வெஸ்டர்ன் கம்பெனியில் வாட்சன் என்ற கண்டக்டர் (அங்கே கார்டுக்கு அதுதான் பெயர்), கூரையில் ஓட்டை விழுந்த ஒரு பெட்டியில் போக நேர்ந்ததாம். உள்ளே பெட்டிகளை அடுக்கி, மேலே ஏறி, ஓட்டை வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தாராம். வண்டி முழுவதும் தெரிந்ததும் பட்டறையில் சொல்லிக் கூண்டு கட்ட வைத்தார் என்று ஒரு கதை உண்டு. பிறகு சரக்குப் பெட்டிகளே உயரமாகிவிட்டன. கூண்டில் உட்கார்ந்தால் முன்னால் உள்ள பெட்டியின் முதுகுதான் தெரியும். ஆகவே 1930களில் பால்டிமோர் அண்டு ஓஹையோ போன்ற கம்பெனிகள் கூண்டை எடுத்துவிட்டு, பக்கவாட்டில் சுவரை வெளியே தள்ளி ஜன்னல் வைத்தன.

எதைப் பார்க்க இத்தனை ஏற்பாடு? ஹாட் ஆக்சிலைப் பார்க்க. பழைய வேகன்களில் அச்சின் முனை ஒரு பெட்டிக்குள் சுழலும். அதில் எண்ணெயில் நனைத்த பருத்திக் கழிவைத் திணித்திருப்பார்கள். எண்ணெய் வற்றினால் அச்சு சூடாகும், புகை வரும், தீப்பிடிக்கும், கடைசியில் முனை முறிந்து வேகன் தண்டவாளத்தைவிட்டு இறங்கும். இதை முதலில் கண்டுபிடிப்பது மூக்கு. எண்ணெயும் துணியும் சேர்ந்து கருகும் அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவன் மறக்கமாட்டான். இரவில் என்றால் கண். டேனிஷ்பேட்டை தாண்டி லோக்கூர் ஏற்றத்தில் வண்டி வளையும்போது மொத்த வண்டியும் பின்னாலிருந்து தெரியும். அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் கார்டு நல்ல கார்டு இல்லை. எழுந்து வாசலுக்கு வந்து, உள்வளைவுப் பக்கம் நின்று, ஒவ்வொரு வேகனின் அடியையும் பார்க்கவேண்டும். சேர்வராயன் மலைக் காட்டில் அங்கே வேறு வெளிச்சமே கிடையாது. சிறு பொறி பறந்தாலும் தெரியும்.

அச்சு உருளைகள்மேல் சுழலும் ரோலர் பேரிங் வந்ததும் இந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது. பாதையோரத்தில் அச்சின் சூட்டை அளக்கும் கருவிகளை அமெரிக்காவில் வரிசையாக நட்டார்கள். இரண்டாவது வேலையும் போனது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் பின்னால் வரும் வண்டியை யார் தடுப்பது? அங்கே சிவப்புக் கொடியும் விளக்கும் எடுத்துக்கொண்டு பின்னோக்கி நடக்கும் ஃபிளாக்மேன் இருந்தார். இங்கே கார்டு. எங்கள் விதி இதுதான்: பிராட்கேஜில் வண்டியிலிருந்து 600 மீட்டரில் ஒரு வெடி, 1200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடி. டெட்டனேட்டர் என்பது தண்டவாளத்தில் கட்டும் தட்டையான தகர டப்பி. சக்கரம் ஏறினால் வெடிக்கும், அடுத்த டிரைவர் சத்தம் கேட்டு நிறுத்துவார். படிக்க எளிதாக இருக்கிறது. அமாவாசை இரவில், ஜல்லிமேல், கையில் ஒரு விளக்குடன், இருபுறமும் காடு, ஒரு கிலோமீட்டருக்கு மேல் தனியாக நடந்து போய்ப் பாருங்கள். முன்னால் என்ஜினில் இரண்டு பேர். பின்னால் நீங்கள் ஒருவர். நடுவில் ஐம்பத்தெட்டு வேகன், அறுநூறு மீட்டருக்கு மேல் இரும்பும் நிலக்கரியும். கூப்பிட்டாலும் யாருக்கும் கேட்காது. நல்ல சிக்னல்களும் வாக்கி டாக்கியும் வந்த பிறகு இந்த நடை அரிதாகிவிட்டது. கார்டுகளில் யாரும் அதற்காக வருந்தவில்லை.

அங்கே கண்டக்டர் சரக்குச் சீட்டுகளை எழுதிச் சரிபார்த்ததும் அந்தப் பெட்டியில்தான். கணினி வந்து அதையும் எடுத்துக்கொண்டது.

ஆக, 1982இல் அமெரிக்காவில் அதிபர் அமைத்த குழு, முடிந்த இடங்களில் கபூஸை எடுத்துவிடலாம் என்று சொன்னபோது அதில் வேலையே பெரிதாக மிச்சமில்லை. தொழிற்சங்கம் எதிர்த்தது, பிறகு ஒப்பந்தத்துக்கு வந்தது. வெர்ஜீனியா மாநிலத்தில் 1911ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று கடைசிப் பெட்டி கட்டாயம் என்றது. அதையும் 1988இல் ரத்து செய்தார்கள். பெட்டிக்குப் பதிலாகக் கடைசிக் கப்ளிங்கில் ஒரு சிறு கருவியை மாட்டினார்கள். சிவப்பு விளக்கு மின்னும். பிரேக் குழாயில் உள்ள காற்றழுத்தத்தை ரேடியோவில் என்ஜினுக்குச் சொல்லும். அந்தக் கருவிதான் கபூஸைக் கொன்றது என்று எழுதுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வெஸ்டிங்ஹவுஸும் ரோலர் பேரிங்கும் கணினியும் சேர்ந்து ஏற்கெனவே கொன்றுவிட்டார்கள். கருவி வந்து அடக்கம் செய்தது.

நம் வேனுக்கு வருகிறேன். மாடலில் பார்த்த அழகை நம்பி ஏமாறவேண்டாம். அங்கே ஒரு காலத்தில் ஒவ்வொரு கண்டக்டருக்கும் சொந்தமாக ஒரு கபூஸ் ஒதுக்கினார்கள். திரைச்சீலை தொங்கவிட்டு, படம் மாட்டி, வீடுபோல் வைத்திருந்தார்கள். நான் ஏறிய நாலு சக்கர வேன்களில் மரப்பலகை, கைப்பிரேக், அழுத்தமானி, இரண்டு பக்கமும் திறந்த மேடை. மின்விளக்கு கிடையாது, கழிவறை கிடையாது. ஓடும்போது ஜர்னலில், அதாவது பயணக் குறிப்பேட்டில், எழுதினால் என் கையெழுத்து எனக்கே புரியாது. டிரைவர் வண்டியை இழுத்ததும் கப்ளிங்குகள் ஒவ்வொன்றாக இறுகி, அந்த அதிர்ச்சி மொத்தமும் கடைசி வேனுக்கு வந்து சேரும். நின்றுகொண்டு தண்ணீர் குடிப்பவன் பல்லை இழப்பான். அமெரிக்கக் கபூஸிலும் இந்த அடியால் எலும்பு முறிந்தவர்கள் உண்டு. சுவரில் கைப்பிடிக் கம்பி நீளமாக ஓடுவது அதனால்தான். கதிர், உங்கள் மாடலில் அந்தக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள்.

பதில்: நெத்திமேடு நந்தன்

ஐயா, படித்து அசந்துபோனேன். நான் இப்போது பென்சில்வேனியாவில் வேலை செய்கிறேன். இங்கே ஸ்ட்ராஸ்பர்க் பக்கத்தில் பழைய கபூஸ்களை வரிசையாக நிறுத்தி விடுதியாக்கியிருக்கிறார்கள். கடைசிப் பெட்டியில் காசு கொடுத்துத் தூங்குகிறார்கள். நீங்கள் கேட்டால் சிரிப்பீர்கள்.

ஆனால் எழுத வந்தது வேறு. ஹாட் ஆக்சில் தொல்லை தீர்ந்துவிட்டது என்பதுபோல் சொன்னீர்கள். 2023 பிப்ரவரி 3ஆம் தேதி ஓஹையோ மாநிலத்தில் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற ஊரில் நார்ஃபோக் சதர்ன் கம்பெனியின் சரக்கு வண்டி கவிழ்ந்தது நினைவிருக்கும். 149 பெட்டிகள், ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர் நீளம். ஊழியர்கள் மூவரும் முன்னால் என்ஜினில். 23ஆவது பெட்டியின் பேரிங் சூடாகி உடைந்து, 38 பெட்டிகள் தடம் புரண்டன. சில பெட்டிகளில் வினைல் குளோரைடு என்ற ஆபத்தான ரசாயனம் இருந்தது; வெடித்துவிடுமோ என்று பயந்து அதைத் திறந்துவிட்டு எரித்தார்கள். ஊர் மக்களை வெளியேற்றினார்கள்.

பாதையோரக் கருவிகள் வேலை செய்யாமல் இல்லை. முதல் கருவி அந்தப் பேரிங் சுற்றுப்புறத்தைவிட 21 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு என்றது. ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தள்ளி இரண்டாவது கருவி 57 டிகிரி என்றது. இரண்டுமே அந்தக் கம்பெனி வைத்திருந்த ஆபத்து வரம்பைத் தொடவில்லை. அடுத்த கருவி இன்னும் 32 கிலோமீட்டர் தள்ளி. அது 140 டிகிரி என்று அலறி, டிரைவர் பிரேக் போட்டபோது காரியம் கைமீறிவிட்டது.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்தி. இரண்டாவது கருவி இருந்த ஊரின் பெயர் சேலம். ஓஹையோவிலும் ஒரு சேலம் இருக்கிறது. அந்த ஊரில் ஒரு தொழிற்சாலையின் கண்காணிப்பு கேமராவில், ஓடும் பெட்டிக்கு அடியில் தீ எரிவது பதிவாகியிருக்கிறது. விபத்து நடக்க இன்னும் 32 கிலோமீட்டர் இருந்தது. கேமரா பார்த்தது, மனிதர் யாரும் பார்க்கவில்லை. பின்னால் ஒரு கார்டு இருந்திருந்தால்?

பதில்: சூரமங்கலம் பழைய கார்டு

நந்தன், விடுதியில் தங்குபவர்களிடம் சொல்லுங்கள்: நள்ளிரவில் யாராவது ஒருவர் பெட்டியை ஓங்கி இடித்துக்கொண்டே இருந்தால்தான் கொடுத்த காசு செரிக்கும்.

உங்கள் கேள்விக்கு, எங்கள் தொழில்மேல் உள்ள பாசத்தில் பதில் சொல்லக்கூடாது. 149 பெட்டிகளில் 23ஆவது என்றால் கடைசியிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல். நேர்ப்பாதையில் ஒன்றும் தெரியாது. வளைவில் இரவு நேரத்தில் தீ தெரிந்திருக்கலாம். காற்று பின்னோக்கி அடித்தால் வாடை வந்திருக்கலாம். அதுவும் கார்டு வாசலில் நின்றிருந்தால். பிப்ரவரிக் குளிரில் அடுப்புப் பக்கம் ஒதுங்கியிருந்தால் அதுவும் இல்லை. கபூஸ் இருந்த காலத்திலும் வண்டிகள் ஹாட் ஆக்சிலால் கவிழ்ந்தே இருக்கின்றன.

உண்மையில் இந்தத் தீயைப் பார்த்திருக்க வேண்டியவர் பாதையோரத்து ஆள். நம் ஊரில் வண்டி நிற்காமல் போகும்போது ஸ்டேஷன் மாஸ்டரும் கேட்கீப்பரும் ஏன் கொடி பிடித்து நிற்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? மரியாதைக்கு இல்லை. அவர்கள் வேகன்களின் அடியைப் பார்க்கிறார்கள். சூடான அச்சு, தொங்கும் பாகம், அவிழ்ந்த சரக்கு, ஏதாவது தெரிந்தால் சிவப்பு காட்டவேண்டும். பொம்மிடியில் ஒருவர், லோக்கூரில் ஒருவர், டேனிஷ்பேட்டையில் ஒருவர், நடுவே கேட்கள். நந்தன் சொன்ன 32 கிலோமீட்டருக்குள் எங்களை எத்தனை ஜோடிக் கண்கள் பார்த்திருக்கும்! இப்போது கேட்களை மூடிச் சுரங்கப்பாதை கட்டுகிறார்கள். சாலையில் போகிறவர்களுக்கு நல்லதுதான். பார்க்கிற ஆள் ஒருவர் குறைந்தார் என்பதையும் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

கார்டு இருந்திருந்தால் உறுதியாக உதவியிருக்கும் என்று நான் நினைக்கும் விபத்து வேறு. 1996 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் கஹோன் கணவாய் இறக்கத்தில் ஒரு சரக்கு வண்டி கட்டுக்கடங்காமல் ஓடிக் கவிழ்ந்தது. ஊழியர்களில் இரண்டு பேர் இறந்தார்கள். பிரேக் குழாயில் நடுவே எங்கோ அடைப்பு. டிரைவர் முன்னால் எமர்ஜென்சி போட்டும் பின்பாதிப் பெட்டிகளுக்கு அது போய்ச் சேரவில்லை. பின்னாலிருந்து ஒருவர் வால்வைத் திறந்து காற்றை வெளியேற்றியிருந்தால் அந்தப் பெட்டிகள் பிடித்திருக்கும். எங்கள் வேனில் அந்த வால்வு கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். மானியும் இருக்கும். என்ஜினில் 5 கிலோ அழுத்தம் என்றால் வேனில் 4.7, 4.8 வரவேண்டும். அது வராமல் நான் கொடி காட்டமாட்டேன். யார்டு மாஸ்டர் தலைகீழாக நின்றாலும் சரி. 1997இல் அமெரிக்காவில், டிரைவரே ரேடியோ மூலம் பின்பக்க வால்வைத் திறக்கக்கூடிய இருவழிக் கருவியைக் கட்டாயமாக்கினார்கள். அதாவது கார்டின் கண்ணை முதலில் இயந்திரமாக்கினார்கள், கையை மறந்துவிட்டார்கள். ஆட்கள் செத்த பிறகு கையையும் சேர்த்தார்கள்.

பதில்: கூட்ஸ் மேனேஜர்

பெரியவருக்கு வணக்கம். நான் இப்போது அதே வேலையில் இருக்கிறேன். 2022 ஜனவரியிலிருந்து எங்களுக்குக் கார்டு என்ற பதவிப் பெயர் இல்லை, டிரெயின் மேனேஜர். சம்பளமும் வேலையும் பழையபடிதான்.

கதிர் கேட்டதற்குச் சுருக்கமாக: வேன் இல்லாத வண்டி என்றால் ஆளே இல்லை என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் நாங்கள் என்ஜினின் பின்பக்கக் கேபினில் வருகிறோம். கடைசி வேகனில் தொங்குவது எல்.வி. (லாஸ்ட் வெஹிக்கிள்) போர்டு. இதுதான் கடைசிப் பெட்டி, நடுவழியில் எதுவும் அறுந்து நிற்கவில்லை என்பதற்கு அடையாளம். முன்பு ஸ்டேஷன் மாஸ்டர் அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பின்னால் உள்ள ஸ்டேஷனுக்கு லைன் கிளியர், அதாவது அடுத்த வண்டியை அனுப்ப அனுமதி, கொடுப்பார். இப்போது பல இடங்களில் ஆக்சில் கவுன்ட்டர் சக்கரங்களை எண்ணிவிடுகிறது. உள்ளே போன அச்சுகளும் வெளியே வந்தவையும் சமமாக இருந்தால் பாதை காலி. நந்தன் சொன்ன அமெரிக்கக் கருவி போன்றதை இங்கேயும் சோதித்துப் பார்க்கிறார்கள். எனக்குத் தனிப்பட்ட முறையில் வேனைவிட என்ஜின் கேபின் எவ்வளவோ மேல். வீட்டிலும் நிம்மதியாக இருக்கிறார்கள்.

பதில்: சூரமங்கலம் பழைய கார்டு

தம்பி மேனேஜர் சொல்வதில் எனக்கு மாறுபாடு இல்லை. அந்தத் தகர வேனில் என் பிள்ளை வேலைக்குப் போவதை நான் விரும்பியிருக்கமாட்டேன். என் சண்டை ஒன்றே ஒன்றுதான். லோக்கூர் ஏற்றத்தில் கப்ளிங் அறுந்து, பின்பாதி தனியாக நின்றுவிட்டால்? ஏர் பிரேக் தானாகப் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரேக் சிலிண்டரில் உள்ள காற்று கசியக் கசியப் பிடி தளரும். அதற்குள் ஒருவர் வேகன்களின் கைப்பிரேக்கைத் திருகிச் சக்கரத்துக்குக் கட்டை வைக்கவேண்டும். வேனில் இருந்தவன் இறங்கினால் அங்கேயே இருப்பான். என்ஜினில் இருப்பவர் அறுநூறு மீட்டர் நடந்து வரவேண்டும். அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு நல்ல ஏற்பாடு காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

பதில்: கருப்பூர் கதிர்

எல்லோருக்கும் நன்றி. மாடலில் கைப்பிடிக் கம்பி இருக்கிறது ஐயா! உள்சுவர் முழுக்க ஓடுகிறது. இத்தனை நாளும் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அடுத்ததாக நம் கார்டு வேனையே மாடலாகச் செய்யலாம் என்று நினைக்கிறேன். அளவெடுத்துப் பார்க்க எங்கே போவது?

பதில்: சூரமங்கலம் பழைய கார்டு

அளவெடுக்க யார்டுக்குள் இறங்கிவிடாதீர்கள், ரயில்வே போலீஸ் பிடித்துக்கொள்ளும். ஜங்ஷனில் ஒரு பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு கடைக்கோடியில் நில்லுங்கள். மேட்டூர் அனல்மின் நிலையத்து நிலக்கரி வண்டி ஏதாவது வந்து நிற்கும். வேன் இருந்தால் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பி.வி.இசட்.ஐ. என்று இருந்தால் எட்டுச் சக்கரம், பயணிகள் பெட்டியில் உள்ள சக்கரச் சட்டம் (போகி), குலுக்கல் குறைவு. பி.வி.இசட்.சி. என்று இருந்தால் நாலு சக்கரம், நான் திட்டியது அதைத்தான். மாடலுக்கு நாலு சக்கரமே செய்யுங்கள், பார்க்க லட்சணமாக இருக்கும். மேடைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, கைப்பிரேக் சக்கரம் எங்கே இருக்கிறது என்பதைக் கவனித்து வரைந்துகொள்ளுங்கள். உள்ளே இருக்கும் மேனேஜரிடம் மரியாதையாகக் கேட்டால் மற்றதைச் சொல்வார். வண்டி கிளம்பும் நேரத்தில் மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள்.